நடுவில் யாரும் படிப்பதில்லை

அந்த அலுவலகத்தில் இணையதளங்களுக்குக் கட்டுரை எழுதும் மென்பொருளுக்குப் பெரியப்பா என்று பெயர். எந்தக் குடும்பத்திலும் அப்படி ஒரு பெரியப்பா இருப்பார். எதைக் கேட்டாலும் பதில் வைத்திருப்பார், தெரியாது என்று மட்டும் சொல்ல மாட்டார். மூட்டு வலிக்கு என்ன செய்யலாம், பூனை ஏன் சாப்பிட மறுக்கிறது, சுவரில் ஈரம் ஏன் இறங்குகிறது, மனம் உடைந்தவரிடம் என்ன பேசலாம் என்று எதைத் தட்டினாலும், போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள் கட்டுரை தயார். முன்னுரை இருக்கும், முடிவுரை இருக்கும், நடுவில் அரைத்த மாவையே மறுபடி அரைத்திருக்கும். கடைசியில் 'மேலும் விவரங்களுக்குத் தகுந்த நிபுணரை அணுகவும்' என்று ஒரு கும்பிடு. அதோடு பொறுப்பு கழிந்தது.

அதற்குப் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்த்தவள் கத்தரி. பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை அது. மனிதர்கள் கட்டுரை எழுதிய காலத்தில் அவள் திருத்துகிற வேலையில் இருந்தாள். உபரியாக ஒரு சொல் நின்றால் அவளுக்குப் பொறுக்காது. வெட்டு வாங்கியவர்கள் எரிச்சலில் வைத்த பெயர் அது, பிறகு செல்லப்பெயராக ஒட்டிக்கொண்டது. பெரியப்பா வந்ததும் எழுதியவர்கள் ஒவ்வொருவராக வீட்டுக்குப் போனார்கள். கத்தரி மட்டும் மிஞ்சினாள். வேலை மிஞ்சியது, வெட்டுவதற்கு நேரம் மிஞ்சவில்லை.

மேனேஜர் முதல் நாளே தெளிவாகச் சொல்லிவிட்டார். "தலை, படம், வால். இந்த மூணும் சரியா இருந்தா ஏத்திடுங்க. நடுவுல யாரும்மா படிக்கறாங்க?"

தலை என்றால் தலைப்பு. வால் என்றால் கடைசியில் வரும் தொடர்பு எண்ணும் இணைப்பும். ஆரம்பத்தில் கத்தரிக்குக் கை அரித்தது. கைக்குழந்தைக்கு ஆகவே ஆகாத தேனைக் கொடுக்கலாம் என்று பெரியப்பா ஒரு முறை எழுதி வைத்திருந்தது. அடித்துப் பிடித்துக்கொண்டு மேனேஜரிடம் ஓடினாள். அவர் அந்த வரியை எடுத்துவிட்டு, "நல்லவேளை" என்றார். அந்த 'நல்லவேளை' முடிவதற்குள் அவள் மேசையில் புதிய கட்டுரைகள் குவிந்துவிட்டன. எத்தனைக்குத்தான் ஓடுவாள்? கொஞ்சம் கொஞ்சமாக அவள் கண்ணும் தலையிலிருந்து வாலுக்குத் தாவப் பழகிவிட்டது. மனுஷ ஜன்மத்தின் பெரிய சாபம், எதுவும் பழகிவிடும் என்பதுதான்.

அவளுக்கு ஒரு தம்பி. அம்மாவும் அப்பாவும் போன பிறகு அவள் கல்யாணம் காட்சி என்று எதற்கும் போகாமல் அவனை வைத்துக்கொண்டிருந்தாள். ஒல்லியாகப் பிறந்தவனை அப்பா குண்டூசி என்று கூப்பிட்டார், தலை நரைக்கத் தொடங்கிய பிறகும் அவன் குண்டூசிதான். பிறவியிலேயே அவன் வழி தனி வழி. பேச்சு அபூர்வம். முகம் பார்த்துச் சிரிக்க மாட்டான், ஆனால் சிரிப்பு வரும்போது சுவரைப் பார்த்துச் சிரிப்பான். யாருக்கும் ஒரு தொந்தரவு இல்லை. குழாய் எங்கே சொட்டினாலும் போய் இறுக்கி மூடிவிட்டுத்தான் நகர்வான். பக்கத்து வீட்டுக் குழாய், பூங்காவில் இருக்கும் குழாய், அவனுக்கு எல்லாம் ஒன்றுதான். "உங்க தம்பி இருக்கற வரைக்கும் இந்தத் தெருவுக்குத் தண்ணிப் பஞ்சம் வராது" என்று எதிர்வீட்டுக்காரர் கிண்டல் செய்வார்.

ஒன்றே ஒன்று. அவன் கையை யாரும் பிடிக்கக் கூடாது. பிடித்தால் கொதிக்கிற தண்ணீர் பட்டதுபோல அலறுவான். உதறிக்கொண்டு ஓடுவான். எதிரே சுவர் இருக்கிறதா, வண்டி வருகிறதா என்று பார்க்க மாட்டான். சின்ன வயதில் ஆஸ்பத்திரியில் நாலு பேர் சேர்ந்து கையைப் பிடித்து அவனைக் கட்டிலோடு அழுத்தினார்கள். அதனால்தானா, அதற்கு முன்பே அப்படித்தானா என்று இப்போது சொல்வதற்கு ஆள் இல்லை.

அம்மா போன அன்று கத்தரிக்குத் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு அழவேண்டும்போல் இருந்தது. பிடிக்கவில்லை. அவனிடமிருந்து ஒரு முழம் தள்ளிப் போய் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் அவனே நகர்ந்து வந்தான். தோளோடு தோள் ஒட்ட உட்கார்ந்துகொண்டான். அவனிடம் இருந்த ஆறுதல் அவ்வளவுதான், அது அவளுக்குப் போதுமானதாக இருந்தது.

தினமும் காலையில் அவன் தனியாக நடந்துவிட்டு வருவான். ஒரே பாதை. வீடு, பூங்கா, மூலைக் கடை, வீடு. ஒரு நாள் நகராட்சிக்காரர்கள் தண்ணீர்க் குழாய் பதிப்பதற்காக மூலைக் கடைப் பக்கம் தெருவைத் தோண்டிப் போட்டுத் தடுப்பு வைத்திருந்தார்கள். அவன் பாதை அடைபட்டுப்போனது. வேறு தெருவில் திரும்பியிருக்கிறான். அதற்குப் பிறகு அவனைப் பார்த்தவர் யாரும் இல்லை.

கத்தரி தேடாத தெரு இல்லை. போலீஸில் எழுதிக்கொண்டார்கள். தெரிந்தவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு திசையில் அலைந்துவிட்டு வந்து, அவள் முகத்தைப் பார்க்காமல் செருப்பைக் கழற்றினார்கள். அன்று மாலை அவள் உட்கார்ந்து, இணையத்தில் ஒரு பக்கம் திறந்து, தன் கையால் எழுதினாள்.

'என் தம்பியைக் காணவில்லை. ஒல்லியாக இருப்பான். நீலச் சட்டை. பெயர் கேட்டால் சொல்ல மாட்டான். குண்டூசி என்று மெதுவாகக் கூப்பிட்டால் திரும்புவான். தயவுசெய்து கையைப் பிடிக்காதீர்கள். பிடித்தால் ஓடிவிடுவான், வண்டி வருவதைப் பார்க்க மாட்டான். பக்கத்தில் உட்காருங்கள். அவனும் உட்காருவான். எனக்குப் போன் செய்யுங்கள். நான் வரும்வரை எழுந்திருக்க மாட்டான்.'

கீழே போன் நம்பர், மேலே படம். உபரியாக ஒரு சொல் கிடையாது. இத்தனை வருஷத்தில் கத்தரி எழுதியதிலேயே நல்ல எழுத்து அதுதான்.

ஆனால் ஒரு ஜீவன்கூடப் பார்க்கவில்லை. ஏன் என்று தேடிப் பார்த்தாள். 'காணவில்லை' என்று தட்டினால் 'காணாமல் போன உறவினரைக் கண்டுபிடிக்க எளிய வழிகள்' வந்தது. அதற்குக் கீழே 'காணாமல் போனவர்களைத் தேடும்போது செய்யக்கூடாத தவறுகள்'. அதற்கும் கீழே அதன் அண்ணன், தம்பி, ஒன்றுவிட்ட சகோதரன் எல்லாம் வரிசையாக வந்தன. ஒன்றில் ஜன்னல் ஓரம் அழுதுகொண்டிருக்கும் பெண்ணின் படம் இருந்தது. அந்தப் படத்தைப் பொறுக்கி எடுத்து ஏற்றியவளே கத்தரிதான். இவற்றுக்கெல்லாம் அடியில், யாரும் போய்ப் பார்க்காத ஆழத்தில் அவள் தம்பி கிடந்தான்.

மறுநாள் மேனேஜர் அவள் மேசைக்கு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அந்த மனிதர் கெட்டவர் இல்லை, அதைச் சொல்லியாக வேண்டும். அன்று அவர் சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை.

"ஒத்தப் பக்கத்த யாரும்மா பாக்கப் போறாங்க? பெரியப்பாகிட்ட குடுங்க. நம்ம தளம் எல்லாத்துலயும் ஏத்திடலாம். ஊருக்கு ஒண்ணு, பஸ் ஸ்டாண்டுக்கு ஒண்ணு, தெருவுக்கு ஒண்ணு. எவன் எங்க தேடினாலும் உங்க தம்பி முகம் வந்து நிக்கணும்."

கத்தரியின் கண் நிறைந்துவிட்டது. "செய்யுங்க சார்" என்றாள்.

ஒரே எழுத்தைப் பத்து இடத்தில் போட்டால் தேடுபொறி கீழே தள்ளிவிடும் என்பது அந்தத் தொழிலில் எல்லாருக்கும் தெரிந்த பாலபாடம். ஒவ்வொன்றும் வேறு மாதிரி இருக்க வேண்டும், கொஞ்சம் நீளமாகவும் இருக்க வேண்டும். கத்தரியின் குட்டி அறிவிப்பு பெரியப்பாவுக்குக் கால்வயிற்றுக்குக்கூடக் காணாது. ஆகவே வழக்கம்போல இட்டு நிரப்பியது. முன்னுரை போட்டது. ஆறுதல் சொன்னது. இப்படிப்பட்டவர்களிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று, இதுவரை ஊரார் எழுதிய எல்லாவற்றிலிருந்தும் பொறுக்கி ஒரு பத்தி சேர்த்தது. மடமடவென்று பக்கங்கள் விழுந்தன.

கத்தரி ஒவ்வொன்றாகப் பார்த்தாள். தலை சரி. படம் சரி, சுவரைப் பார்த்துச் சிரிக்கும் குண்டூசி. வால் சரி, அவளுடைய நம்பர், ஒரு எண்கூட மாறவில்லை. ஏற்றினாள். அடுத்தது. தலை, படம், வால். ஏற்றினாள். நடுவை அவள் படிக்கவில்லை. கூடப்பிறந்தவனைப் பற்றியதுதான், ஆனாலும் படிக்கவில்லை. சோம்பல் இல்லை அது. விரல் அப்படிப் பழகியிருந்தது. ஒரு சொல் மிகுந்தாலும் பொறுக்காதவளுக்கு அன்று எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது என்று தோன்றியது.

சாயங்காலத்துக்குள் தேடியவர்கள் கண்ணில் எல்லாம் குண்டூசி பட்டான். மேனேஜர் கைபேசியைத் தூக்கிக் காட்டினார். முதலில் வந்தது அவன் முகம். பெரியப்பா முதல் தடவையாக உருப்படியாக ஒரு வேலை செய்திருக்கிறது என்று இருவரும் நினைத்துக்கொண்டார்கள்.

போன்கள் வந்தன. பாதி வெட்டிப் பேச்சு, மீதி வேறு யாரையோ பார்த்தவர்கள். சில நாள் கழித்து ஒரு சலவைக்கடைக்கார அம்மா கூப்பிட்டார். கொஞ்சம் மூச்சு வாங்கியது அவருக்கு.

"உங்க தம்பிதாம்மா. நிச்சயமா அவருதான். கடைக்குப் பின்னாடி வந்து எங்க குழாய மூடிட்டு நின்னாரு."

கத்தரி பையைக் கையில் எடுத்துக்கொண்டாள். "இப்ப எங்கம்மா இருக்கான்?"

"அதான்மா தெரியல. நீங்க போட்டிருந்த மாதிரியே கைய நல்லாப் பிடிச்சுக்கிட்டு பேர உரக்கக் கூப்பிட்டேன். பாவம், அப்படி ஒரு கத்து கத்தினாரு. என்னையும் தள்ளிவிட்டுட்டு ஓடிட்டாரு. எனக்கு வயசாச்சும்மா, பிடி பத்தல. மன்னிச்சுக்கோங்க."

"கையப் பிடிக்கச் சொல்லி நான் எங்கம்மா போட்டேன்?"

"இதோ இருக்கே. கண்ணாடி போட்டுட்டுத்தான் படிக்கறேன்" என்று அந்த அம்மா வாசித்துக் காட்டினார். 'அவரது கையை உறுதியாகப் பற்றிக்கொள்ளுங்கள். இது அவருக்குப் பாதுகாப்பு உணர்வைத் தரும். அவர் விலக முயன்றாலும் பிடியைத் தளர்த்த வேண்டாம். பெயரைச் சொல்லி உரக்க அழையுங்கள்.'

கத்தரி அப்போதுதான் நடுவைப் படித்தாள். ஒரு பக்கத்தில் உறுதியாகப் பற்றச் சொல்லியிருந்தது. இன்னொன்றில் இறுகப் பிடிக்கச் சொல்லியிருந்தது. மற்றொன்றில் இரண்டு பேர் இரண்டு கையையும் பிடித்துக்கொள்வது நல்லது என்று இருந்தது. பிடிக்காதீர்கள் என்று அவள் எழுதிய வரி எதிலுமே இல்லை. உலகத்தில் எல்லாரும் தொலைந்தவரின் கையைப் பிடித்துக்கொள்ளத்தான் சொல்கிறார்கள், ஒருத்தி மட்டும் வேண்டாம் என்கிறாள், அவள்தான் ஏதோ தவறாகச் சொல்லிவிட்டாள் என்று பெரியப்பா திருத்திவிட்டது போலும். திருத்துகிறவளையே திருத்திவிட்டது.

அவள் நாற்காலியிலிருந்து எழுந்தாள், மறுபடி உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள். தாங்க முடியவில்லை அவளுக்கு. சொந்தச் செலவில் சூனியம் என்பார்கள். இவள் சொந்தத் தம்பிக்கே வைத்திருந்தாள்.

முதலில் சலவைக்கடைப் பக்கம் ஓடித் தேடினாள், அவன் அகப்படவில்லை. பிறகு மேனேஜரும் அவளும் தங்கள் தளங்களில் இருந்ததையெல்லாம் அழித்தார்கள். ஆனால் ஊர் வாயை மூட உலைமூடி ஏது? பெரியப்பா ஒன்றா இரண்டா, கம்பெனிக்கு ஒரு பெரியப்பா உண்டு. ஒருவர் சொன்னதை அடுத்தவர் அள்ளிக்கொள்வதுதான் அவர்கள் தொழில். இவர்கள் ஏற்றிய சூட்டிலேயே மற்றவர்கள் எடுத்துத் தங்கள் பாணியில் எழுதி ஏற்றியிருந்தார்கள். அதைப் பார்த்து வேறு சிலர் எழுதியிருந்தார்கள். கத்தரி எல்லாருக்கும் எழுதினாள், கெஞ்சினாள். 'உங்கள் மேலான கருத்துக்கு நன்றி' என்று உடனுக்குடன் பதில் வந்தது. மனிதர் எழுதிய பதில் ஒன்றுகூட இல்லை.

கையைப் பிடிக்காதீர்கள் என்று அவள் புதிதாக ஒரு அறிவிப்பு போட்டாள். மறுநாளே ஏதோ ஒரு பெரியப்பா 'காணாமல் போனவரின் கையைப் பிடிக்கலாமா, கூடாதா?' என்று ஒரு கட்டுரை எழுதிவிட்டது. இரண்டு பக்க வாதத்தையும் ஆற அமர அலசிவிட்டுப் பிடிப்பதே பாதுகாப்பு என்று முடித்திருந்தது. அதைப் படித்துவிட்டு அவள் சிரித்தாள். மேனேஜர் அந்தச் சிரிப்பைக் கேட்டு எழுந்து வெளியே போய்விட்டார்.

அன்று மத்தியானம் போன் வந்தது. ஒரு பஸ் டிரைவர்.

"அம்மா, கவலைய விடுங்க. உங்க தம்பி எங்ககிட்ட இருக்காரு. ஊருக்கு வெளிய டிப்போ இருக்குல்ல, அது வாசல்ல. குழாய்ப் பக்கம் நின்னாரு, பாத்த உடனே தெரிஞ்சுடுச்சு. நானும் எங்க கண்டக்டர் தம்பியும் ஆளுக்கொரு கையக் கெட்டியாப் பிடிச்சிருக்கோம்."

பின்னால் அவன் அலறல் கேட்டது. பிறந்ததிலிருந்து அவளுக்குத் தெரிந்த அலறல்.

"அண்ணே, விடுங்க. கைய விடுங்க."

"விட்டா ஓடிடுவாரும்மா. லாரி போற ரோடு."

"பிடிச்சாத்தாண்ணே ஓடுவான். விட்டுட்டுப் பக்கத்துல உக்காருங்க. அவனும் உக்காருவான்."

"நீங்க பதட்டத்துல பேசறீங்க. எல்லா இடத்துலயும் பிடிக்கச் சொல்லித்தாம்மா போட்டிருக்கு. நீங்க ஒருத்தர்தான் மாத்திச் சொல்றீங்க."

அத்தனை பேர் சொல்வதற்கு எதிராகக் கத்தரியிடம் இருந்தது ஒரு குரல் மட்டும்தான். "அண்ணே, அவன நான் வளத்தேன். போன அவன் காதுகிட்ட வைங்க. ஒரே ஒரு தடவை."

வைத்தார். நல்ல மனிதர், வைத்தார்.

"குண்டூசி" என்றாள் மெதுவாக. "அக்கா வரேன். உக்காரு."

அலறல் நின்றது. மூச்சு மட்டும் கேட்டது. பிறகு, எப்போதோ ஒரு முறை வரும் அந்தச் சொல் வந்தது. "அக்கா."

"அட" என்றார் டிரைவர். அவர் குரல் மாறிவிட்டது. "சரிம்மா. நம்பறேன். விட்டுட்டேன், இந்தா உக்காந்துட்டேன். அவரும் குனியறாரும்மா, உக்காரப் போறாரு..."

"அண்ணே, என்னண்ணே விட்டுட்டீங்க?" என்று இன்னொரு குரல் குறுக்கே பாய்ந்தது. "விலகப் பாத்தாலும் விடக் கூடாதுன்னு போட்டிருக்கு. இருங்க, நான் ரெண்டு கையையும் பிடிச்சுக்கறேன்."

"டேய், வேணாம், விடு..."

அலறல். ஓடும் காலடி. அப்புறம் ஹாரன். அது நிற்காமல் நீண்டது.

ஆஸ்பத்திரி தாழ்வாரத்தில் டிரைவர் சீருடையோடு சுவரில் சாய்ந்து நின்றிருந்தார். கண்டக்டர் பையன் தரையில் குந்தி முகத்தை மூடிக்கொண்டிருந்தான். கத்தரியைப் பார்த்ததும் டிரைவருக்குக் கை கூப்புவதா, காலில் விழுவதா என்று தெரியவில்லை.

"போட்டிருந்த மாதிரியேதாம்மா செஞ்சோம்" என்றார். "நல்லதுக்குன்னு நெனச்சுதான் அவனும் பிடிச்சான். எங்களக் கொலகாரங்கன்னு நெனச்சுடாதீங்க."

"உங்க மேல தப்பு இல்லண்ணே. அந்தத் தம்பி மேலயும் இல்ல" என்றாள் கத்தரி. "அத ஏத்தினது நான்தான். நடுவுல நான் படிக்கல."

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளக்கிச் சொல்ல அவளுக்குத் தெம்பும் இல்லை. நர்ஸ் கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றாள்.

உள்ளே கழுத்துவரை வெள்ளைத் துணி போர்த்தியிருந்தார்கள். முகத்தில் காயம் அதிகமாக ஒன்றும் இல்லை. மூலையில் கை கழுவும் தொட்டியில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. கத்தரி நாற்காலியைக் கட்டிலிலிருந்து ஒரு முழம் தள்ளிப் போட்டு உட்கார்ந்தாள். பழக்கம். கொஞ்ச நேரம் காத்திருந்தாள். அவன் நகர்ந்து வரவில்லை.

பிறகு அவளே நாற்காலியை நகர்த்திக்கொண்டு போனாள். துணிக்கு அடியில் தேடி அவன் கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டாள். இத்தனை வருஷத்தில் முதல் தடவை. அவன் உதறவில்லை.